வீதியில் இறங்க முன் வெற்றிட விபரம் எடுக்க வேண்டுமா? வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்துக்கு நடைமுறை விபரம் தேவை

கரையோரம் கேட்டது:

கிழக்கு மாகாணத்தில் ஒரு மாவட்டத்தின் வேலையற்ற பட்டதாரிகள் சேர்ந்து செயற்குழு ஒன்று அமைத்திருக்கிறோம். பெயர் பதிந்தவர்களில் பெரும்பாலானோர் கலைப்பட்டதாரிகள். உள்வாரி (பல்கலைக்கழகத்துக்குள் முழுநேரமாகக் கற்றவர்கள்), வெளிவாரி (வெளியிலிருந்து கற்றுப் பரீட்சை எழுதியவர்கள்) இரு பகுதியினரும் இருக்கிறார்கள். 2017-இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் மாதக்கணக்கில் நடந்ததுபோல, மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் தொடர் போராட்டம் தொடங்க வேண்டும் என்று ஒரு பகுதியினர் நிற்கிறார்கள். வெற்றிட விபரம் கையில் இல்லாமல் போனால் மகஜரை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

வெற்றிட எண்ணிக்கையை எந்த அலுவலகத்தில், எப்படிக் கேட்பது? பொலிஸ் தடையுத்தரவு வாங்கினால் என்ன செய்யலாம்? உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலில் எந்தெந்த விபரங்கள் இருக்க வேண்டும்? உணர்ச்சிவசப்பட்ட பதில் வேண்டாம், செய்து பார்க்கக்கூடியதைச் சொல்லுங்கள்.

ஆளணி எழுதியது:

மற்றவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் விபரம் வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை, இரண்டையும் சமாந்தரமாகச் செய்யலாம். தகவல் கோரிக்கையை இந்த வாரமே போடுங்கள், ஏனென்றால் அதற்கு நாள் பிடிக்கும்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அச்சிட்ட படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத்தாளில் கடிதம் போதும். தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபால் என்றால் பதிவுத் தபால். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதற்கும் பலன் இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடைசிவரை போக வேண்டி வந்தால் மாதங்கள் ஓடிவிடும். அதனால்தான் இப்போதே என்கிறேன்.

பெரும்பாலான கோரிக்கைகள் தோற்பது கேள்வி எழுதும் விதத்தில். "எங்களுக்கு ஏன் நியமனம் தரவில்லை?" என்று கேட்டால் அவர்கள் பதில் தரக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அலுவலகத்தின் கையில் ஆவணமாக இருப்பதை மட்டுமே கேட்க முடியும். இப்படி எழுதுங்கள்:

"இவ்வாண்டு (மாதம், திகதி) அன்று உள்ளவாறு, (பெயர்) கல்வி வலயத்தின் ஒவ்வொரு பாடசாலையிலும், பாடவாரியாகவும் மொழிமூல வாரியாகவும், அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி, தற்போது கடமையில் உள்ளோர், வெற்றிடம், மேலதிகம் ஆகியவற்றின் எண்ணிக்கை."

இதில் ஆளணி என்பது அனுமதிக்கப்பட்ட பதவிகளின் எண்ணிக்கை. "மேலதிகம்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மாவட்ட மொத்தத்தை மட்டும் கேட்டால் "ஆசிரியர் போதுமான அளவு இருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் பதில் வரும். நகரப் பாடசாலையில் ஒரு பாடத்துக்கு இரண்டு பேர் மேலதிகமாக இருந்து, தொலைவில் உள்ள பாடசாலையில் அதே பாடத்துக்கு ஒருவரும் இல்லாவிட்டாலும் மொத்தக் கணக்கு சமன். பாடசாலை வாரியாகக் கேட்டால்தான் இந்த ஓட்டை தெரியும்.

எங்கே கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. மாகாணப் பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகமும் மாகாணக் கல்வித் திணைக்களமும், தேசிய பாடசாலைகளுக்கு மத்திய கல்வி அமைச்சு. மாவட்டச் செயலகத்திடம் ஆசிரியர் வெற்றிடம் கேட்டால் "எம்மிடம் இல்லை" என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும். செயலகத்திடமும் பிரதேச செயலகங்களிடமும் கேட்க வேண்டியது, அரச அலுவலகங்களில் பட்டதாரிகளுக்கு உள்ள பதவியான அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆளணி பற்றி.

இன்னொன்று. வெற்றிடம் இருப்பது வேறு, அதை நிரப்ப அனுமதி இருப்பது வேறு. ஆளணியை அங்கீகரிப்பது திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களம். 2022 நெருக்கடியின்போது அரச ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பிறகு இந்த இடைவெளி மிகவும் பெரிதானது. ஆகவே இரண்டாவது கோரிக்கை ஒன்று போடுங்கள்: இந்த வெற்றிடங்களை நிரப்ப அனுமதி கேட்டுக் கடந்த இரண்டு ஆண்டுகளில் அனுப்பப்பட்ட கடிதங்களின் பிரதிகளும் அவற்றுக்கு வந்த பதில்களும். கடிதமே அனுப்பப்படவில்லை என்று தெரியவந்தால் போராட்டம் எந்த வாசலில் நடக்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

தெருமூலை எழுதியது:

பொலிஸ் விசயம் நான் சொல்லுறன்.

ஊர்வலமாப் போறதெண்டால் பொலிஸ் கட்டளைச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, ஊர்வலம் தொடங்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைஞ்சது ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் எழுத்தில அறிவிக்க வேணும். இது அனுமதி கேக்கிற கடிதமில்லை, அறிவித்தல். "அனுமதி தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்" எண்டு எழுதினால் "தரமுடியாது" எண்டு சொல்லுற வாய்ப்பை நீங்களே அவையளுக்குக் குடுக்கிறீங்கள். பாதை, தொடங்கிற நேரம், முடியிற நேரம், அண்ணளவான ஆள் தொகை, பொறுப்பான ரெண்டு பேரின்ர தொலைபேசி இலக்கம். பிரதியில முத்திரை குத்தி வாங்குங்கோ. ஒலிபெருக்கிக்குத் தனியா அனுமதி எடுக்க வேணும். பரீட்சைக் காலத்தில அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தடையுத்தரவு பெரும்பாலும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 106-ஆம் பிரிவில நீதவானிட்ட எடுக்கிறது. மற்றப் பக்கத்தைக் கேளாமலே குடுக்கலாம், அதாலதான் முதல்நாள் பின்னேரம் வந்து கையில தருவினம். கையில வந்தவுடனே ரெண்டு விசயம் பாருங்கோ. ஆருடைய பெயர் இருக்கு? எது தடுக்கப்பட்டிருக்கு? சில உத்தரவு வீதியை மறிக்கிறதையும் அலுவலகத்துக்குள்ள நுழையிறதையும் மட்டும்தான் தடுக்கும், கூடி நிக்கிறதைத் தடுக்காது. அந்தத் தாளை வாசிக்காமல் போராட்டத்தையே கைவிடுறது பெரிய பிழை, வாசிக்காமல் மீறுறது அதைவிடப் பெரிய பிழை.

உத்தரவு 14 நாளுக்கு மேல நிக்காது, அமைச்சர் வர்த்தமானியில நீடிச்சால் ஒழிய. மாத்தவோ நீக்கவோ சொல்லி அதே நீதிமன்றத்தில சட்டத்தரணி மூலம் கேக்கலாம். அரசியலமைப்பின்ர 14(1)(ஆ) உறுப்புரை அமைதியாகக் கூடுற உரிமையைத் தருது, ஆனால் உறுப்புரையை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. 77-இல குடுத்த அறிவித்தலின் முத்திரை குத்தின பிரதியும், நடைபாதையில ஒரு பக்கம் மட்டும் நிப்பம், நோயாளர் காவு வண்டிக்கு வழி விடுவம் எண்டு எழுதின உறுதியும் இருந்தால் சட்டத்தரணிக்குப் பேச ஏதாவது இருக்கும். போராட்டத்துக்கு முன்னமே ஒரு சட்டத்தரணியோட கதைச்சு வைச்சிருங்கோ.

தொடர் போராட்டம் எண்டால் பொலிஸை விடக் களைப்புத்தான் பகை. முதல் வாரம் எல்லாரும் வருவினம். மூண்டாவது வாரம் பக்கத்து ஊர்க்காரர் மட்டும் இருப்பினம், அவையளுக்குத் தூரத்து ஆக்களில கோபம் வரும். பிரதேச செயலகப் பிரிவு வாரியா நாளைப் பிரிச்சு, அந்தந்த நாளுக்கு அந்தப் பிரிவே பொறுப்பு எண்டு எழுதி ஒட்டுங்கோ. இரவில இருக்கிறதை, கைக்குழந்தையோட இருக்கிற பெண்களைக் கேட்டு முடிவெடுங்கோ. பட்டதாரிகளில பெண்கள்தான் கூட. காசு வந்தால் அண்டைக்கே வரவு செலவைப் படமெடுத்துக் குழுவில போடுங்கோ. சங்கங்கள் உடையிறதுக்குக் கணக்குத்தான் முதல் காரணம்.

கரையோரம்:

இருவருக்கும் நன்றி. பெயர்ப்பட்டியல் பற்றி யாராவது சொல்லுங்கள். அத்துடன், ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்து அதில் வெளிவாரிப் பட்டதாரிகளோ குறிப்பிட்ட வயதினரோ விலக்கப்பட்டிருந்தால் நீதிமன்றம் போகலாமா?

பெறுபேறு எழுதியது:

பட்டியலில் பெயரும் பல்கலைக்கழகமும் மட்டும் இருந்தால் அது வருகைப் பதிவேடுதான். தேவையானவை: பிறந்த திகதி, பட்டம் செல்லுபடியாகத் தொடங்கும் திகதி, பட்டத்தில் கற்ற பாடங்கள், மொழிமூலம், நிரந்தர வதிவிடப் பிரதேச செயலகப் பிரிவு, ஊழியர் சேமலாப நிதியில் கணக்கு உண்டா என்பது.

பட்டமளிப்பு விழா நடந்த நாளும் பட்டம் செல்லுபடியாகும் திகதியும் வேறு வேறு. அறிவித்தல்கள் பார்ப்பது இரண்டாவதை. விழாத் திகதியை எழுதியவர்கள் தவறான ஆண்டுக்குள் விழுவார்கள்.

கற்ற பாடங்களை, பெறுபேற்று விபரச் சான்றிதழைப் பார்த்து எழுத வேண்டும். "கலைமாணி" என்று எழுதினால் அவர் எந்தப் பாட வெற்றிடத்துக்குப் பொருந்துவார் என்று யாருக்கும் தெரியாது. ஆளணி சொன்ன வெற்றிட அட்டவணையும் இந்தப் பட்டியலும் ஒரே பாடப்பெயர்களில் இருந்தால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

சேமலாப நிதி விபரம் ஏன் என்றால், 2020 பட்டதாரிப் பயிலுனர் ஆட்சேர்ப்பில் பலர் விலக்கப்பட்டது அதனால்தான். தனியார் கடையிலோ முன்பள்ளியிலோ சில மாதம் வேலை செய்தபோது நிதி கட்டப்பட்டிருந்ததால் "வேலையில் இருப்பவர்" என்று பதிவாகிவிட்டது. வேலையை விட்டிருந்தால் விலகற் கடிதத்தையும், எந்த மாதத்துடன் பங்களிப்பு நின்றது என்பதைக் காட்டும் கணக்குக் கூற்றையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பெயர் விடுபட்ட பிறகு எடுக்க ஓடினால் மேன்முறையீட்டுத் திகதி முடிந்துவிடும்.

மாகாண ஆட்சேர்ப்பில் பெரும்பாலும் சில ஆண்டு நிரந்தர வதிவிடம் கேட்பார்கள். திருமணமாகி வேறு பிரிவுக்குப் போன பெண்களின் பெயர் தேர்தல் இடாப்பில் பழைய முகவரியிலேயே கிடக்கும். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஒரு முகவரி, இடாப்பு இன்னொரு முகவரி என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

நீதிமன்றம் பற்றி: நிர்வாகச் செயலால் சமத்துவ உரிமை (உறுப்புரை 12) மீறப்பட்டால் உறுப்புரை 126-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஒரு மாதத்துக்குள். "பார்த்துச் செய்வோம்" என்று ஒரு அரசியல்வாதி சொன்னதற்காகக் காத்திருந்த நாட்களும் அந்த ஒரு மாதத்தில்தான் கழியும். பலருடைய வழக்கு இந்தக் காத்திருப்பில்தான் செத்துப்போகிறது. ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கு எழுத்து ஆதாரம் வேண்டும். மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலையில் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. மாகாண சபை அதிகாரத்துக்குட்பட்ட முடிவு என்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை நீக்கவோ அவரைக் கடமையைச் செய்ய வைக்கவோ நீதிமன்றம் இடும் ஆணை) கேட்கும் வழியும் இருக்கிறது. எது பொருந்தும் என்பதை அறிவித்தலைக் காட்டிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஆற்றுவாழை எழுதியது:

ஆளணியின் வழியில் எனக்கு ஒரு தடை இருக்கிறது. பாடவாரியாக வெற்றிடம் கேட்டால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்தில்தான் இடம் தெரியும். கரையோரத்தின் சங்கத்தில் பெரும்பான்மை கலைப்பட்டதாரிகள். சங்கமே தன் உறுப்பினர்களுக்கு எதிரான ஆதாரத்தைச் சேகரித்ததாகிவிடும்.

இந்தப் பொருந்தாமை நேற்று வந்ததல்ல. 1971-இல் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, இலங்கையில் படித்த இளைஞர்களின் எதிர்பார்ப்புக்கும் இருக்கும் வேலைக்கும் இடையிலான இடைவெளியையே மையமாக எடுத்துப் பேசியது. அதே ஆண்டுதான் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி. அரை நூற்றாண்டாகியும், எந்தப் பாடங்களைக் கற்பிப்பது என்று தீர்மானித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பட்டம் எடுத்த பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அரசாங்கத்தின் வேலையின்மை வீதத்தையும் நம்பிப் போகாதீர்கள். தொழிற்படை அளவீட்டில், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவர்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பட்டதாரி அந்தக் கணக்கில் வேலையற்றவர் அல்லர்.

ஆளணி:

தடை நியாயமானது. ஆனால் "எல்லாப் பட்டதாரிகளுக்கும் வேலை" என்ற கோரிக்கைக்குக் கிடைத்தது என்ன? 2020-இல் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுனர் நியமனம். அதுவும் மார்ச்சில் பொதுத் தேர்தலுக்காகத் தேர்தல் ஆணைக்குழு நிறுத்தி, தேர்தல் முடிந்து செப்டெம்பரில்தான் கடமையேற்க முடிந்தது. பலர் மேசையும் வேலையும் இல்லாத அலுவலகங்களில் உட்கார வைக்கப்பட்டார்கள். அதையே திரும்பக் கேட்க வேண்டாம்.

பாடசாலை வாரியாக எடுத்தால் தமிழ், வரலாறு, புவியியல், சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றிலும் தூரப் பாடசாலைகளில் இடம் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கேட்கலாம். இல்லாத பாடங்களின் பட்டதாரிகளுக்கு இரண்டாவது கோரிக்கையைத் தனியாக வையுங்கள்: சம்பளத்துடன் கூடிய மாற்றுப் பயிற்சி, பயிற்சிக்குப் பின் போகப்போகும் பதவியின் பெயரும் எண்ணிக்கையும் எழுத்தில். இரண்டையும் ஒரே மகஜரில் வைத்து, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இணங்கிக் கைச்சாத்திட மாட்டோம் என்று செயற்குழு முதலிலேயே தீர்மானம் எழுத வேண்டும். அரசாங்கத் தரப்பு முதலில் முயல்வது பிரிப்பதற்குத்தான்: உள்வாரியை வெளிவாரியிலிருந்து, மூத்த ஆண்டை இளைய ஆண்டிலிருந்து.

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் ஐந்து பேருக்குக் குறையாமல் போங்கள், அதில் ஒருவர் பேசாமல் எழுத மட்டும். வெளியே வரமுன் கூட்டக் குறிப்பைப் படித்துக்காட்டி, யார், எந்தத் திகதிக்குள், எந்த அலுவலகத்துக்கு என்ன கடிதம் அனுப்புவார் என்பதற்குக் கீழே கையொப்பம் கேளுங்கள். தர மறுத்தால் அதே குறிப்பை அன்றைக்கே பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.