ஏப்ரன் மூன்று, ஆட்கள் ஆறு: தள்ளி நின்றால் போதுமா?

பொதிகைச்சாரல்:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, எலும்பு தியேட்டரில் நர்ஸ் நான். சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டுகிற எக்ஸ்ரே மிஷின்) வைத்து எலும்புக்கு ராடு போடுகிற கேஸ் என்றால் உள்ளே ஆறு பேர் நிற்போம். ஈய ஏப்ரன் மூன்றுதான். டாக்டர், அசிஸ்டென்ட், மயக்க டாக்டர் போட்டுக்கொள்வார்கள். நேற்று எனக்கும் ஒன்று கேட்டேன். "தள்ளி நில்லும்மா, போதும்" என்றார்கள். நோயாளியின் காலைப் பிடித்துக்கொண்டு எங்கே தள்ளி நிற்பது? கேட்டது தப்பா?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
தப்பில்லை தங்கச்சி, ஆனால் பயம் கூடுதல். 22 வருஷமாகத் தியேட்டர் டெக்னீஷியன் நான். ஏப்ரன் போடாத நாள்தான் அதிகம், ஒன்றும் ஆகவில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகிவிடும். ஓரெட்டு பின்னால் போவதை விட்டுவிட்டு, ஈயத்தைச் சுமந்து இடுப்பை ஒடித்துக்கொள்வானேன்?

கேத்லேப் தம்பி:
அண்ணாச்சி, கணக்கு சரி. ஆனால் அது நகர முடிகிறவர்களுக்கு. கால் பிடிக்கிறவர் நோயாளியை ஒட்டியே நிற்கிறார், நமக்கு வருகிற சிதறல் கதிர் பெரும்பாலும் அந்த நோயாளியின் உடம்பிலிருந்துதான் கிளம்புகிறது. கதிர் நுழைகிற பக்கம்தான் சிதறல் அதிகம். எக்ஸ்ரே கிளம்புகிற குழாய் மேசைக்குக் கீழே இருந்தால் அது காலுக்குப் போகும். மேலே தூக்கி வைத்தால் முகத்துக்கும் கண்ணுக்கும் வரும். அக்கா, பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய் இருக்கிற பக்கம் நிற்காதீர்கள், எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். 0.5 மி.மீ. ஈய ஏப்ரன் சிதறலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தடுத்துவிடும். கழுத்துக்குத் தைராய்டு காலரும் கேளுங்கள்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
எனக்கே பாடமா தம்பி! மூன்று மாசத்துக்கு ஒருமுறை டி.எல்.டி. பேட்ஜ் (நம்மேல் பட்ட கதிரை அளக்கிற பட்டை) ரிப்போர்ட் வருகிறது. ஒவ்வொரு தடவையும் பூஜ்யம்தான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட் கதிர் அளவு வரை அனுமதிக்கிறது. நான் எங்கே, அது எங்கே!

பொதிகைச்சாரல்:
பேட்ஜை எங்கே குத்தியிருப்பீர்கள் அண்ணாச்சி?

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
குத்துவதா? தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

கேத்லேப் தம்பி:
அப்போ பூஜ்யம் பீரோவுக்கு வந்தது, உங்களுக்கு இல்லை. 😀 நெஞ்சுப் பக்கம், ஏப்ரனுக்கு உள்ளே குத்த வேண்டும். அந்த 20 கூட ஐந்து வருஷச் சராசரி. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கதிரால் வருகிற கண்புரையும் அடுத்த வாரமே வந்து நிற்காது, வருஷக்கணக்கில் மெல்ல வரும். அதனால் "ஒன்றும் ஆகவில்லை" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்று, இருக்கிற மூன்று ஏப்ரனையும் மடித்துத்தான் போடுகிறார்களா? மடித்தால் உள்ளே ஈயத்தில் விரிசல் விழும், வெளியே துணி புதிதுபோலவே இருக்கும்.

பொதிகைச்சாரல்:
மடித்து ஸ்டூலில் போடுவார்கள். சில நாள் அதன்மேல் உட்காரவும் செய்வார்கள்.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி:
சரி, இன்று கேஸ் முடிந்ததும் எங்கள் பழைய ஏப்ரனை சி-ஆர்மில் விரித்து, வெளியே நின்று ஒரு ஷாட் எடுத்துப் பார்த்தேன். இடுப்புப் பக்கம், மடிப்பு விழுகிற இடத்தில் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு நூல் மாதிரி கோடு. இத்தனை நாள் டாக்டர் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கனம் கனம்தான், அதில் நான் மாறவில்லை. மாட்டுவதற்கு ஸ்டாண்ட் எங்கே வாங்கினீர்கள் தம்பி?