கோமதிக்கு ஓ நெகட்டிவ்: ரங்கூன் தாம்வே பகுதித் தமிழர்களின் ‘தாம்வே உறவுகள்’ அரட்டைக் குழுவில் ஒரு மாலை

ஜெயந்தி: அனைவருக்கும் வணக்கம். கோமதிக்குச் சனிக்கிழமை இரவு வலியே இல்லாமல் இரத்தப்போக்கு ஏற்பட்டதால், சிரியத்திலிருந்து பாலம் தாண்டி ரங்கூனுக்குக் கொண்டுவந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். இரத்தம் நின்றுவிட்டது, குழந்தையின் இதயத்துடிப்பும் சீராக இருக்கிறது. இது 31ஆவது வாரம். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி கீழே அமைந்திருப்பதாலும், முதல் பிரசவமும் அறுவைச் சிகிச்சை என்பதாலும், இம்முறை அதிக இரத்தம் தேவைப்படலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அவள் ஓ நெகட்டிவ். நம்மில் அந்த வகை உள்ளவர்கள் தயவுசெய்து இன்றே சொல்லுங்கள்.

பார்வதி பெரியம்மா: முருகா! அவள் கணவர் வருகிறாரா?

ஜெயந்தி: மலேசியாவில் விடுப்புக் கேட்டிருக்கிறார், பெரியம்மா. இன்னும் பதில் இல்லை.

தனபால்: என் கடையில் வேலை செய்யும் பர்மியப் பையன்களிடம் கேட்கட்டுமா?

ஜெயந்தி: கேளுங்கள், அண்ணா. ஆனால் பர்மியரிடையே நெகட்டிவ் வகை மிக மிக அரிது. நம்மவரில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்காவது இருக்கும். அதிலும் ஓ வகை என்றால் இன்னும் குறைவு. ஆகவே நம் வீடுகளில்தான் முதலில் தேட வேண்டும்.

முருகேசன்: நான் ஓ நெகட்டிவ். எப்போது வர வேண்டும்?

பார்வதி பெரியம்மா: உன் அண்ணனுக்கும் அதே வகைதானே?

முருகேசன்: அதை அவரிடமே கேளுங்கள். இதே குழுவில்தான் இருக்கிறார்.

ராஜேந்திரன்: இருக்கிறேன். கோமதிக்குத் தருவேன். யாரோடு சேர்ந்து வர வேண்டும் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

தனபால்: வீட்டுப் பங்குத் தகராறை இங்கே இழுக்க வேண்டாம் என்று இருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயந்தி: இருவரும் ஒரே நாளில் வராமலிருப்பதே நல்லது. எடுத்த இரத்தத்தைப் பொதுவாக 35 நாட்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். நஞ்சுக்கொடி மேலே நகராவிட்டால் 36 அல்லது 37ஆவது வாரத்தில் அறுவைச் சிகிச்சை இருக்கும்; இன்றே இருவரும் கொடுத்துவிட்டால், அந்த நாளில் பை காலாவதியாகியிருக்கலாம். இடையில் மறுபடியும் இரத்தப்போக்கு வந்தால் உதவுவதற்கு ஒருவர் இப்போது கொடுக்க வேண்டும். மற்றவர் அறுவைச் சிகிச்சைக்குச் சற்று முன்பு கொடுக்க வேண்டும்.

பார்வதி பெரியம்மா: இதற்காகத்தான் ஆண்டவன் இவர்களைப் பேசாமல் வைத்திருக்கிறான் போலும்.

சாந்தி: அத்தை, அதாவது கோமதியின் மாமியார், கேட்கச் சொன்னார். வளைகாப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோவிலுக்குக் கோமதியை அழைத்துவருவதாக வேண்டுதலும் இருக்கிறது. போய்வரலாமா?

ஜெயந்தி: கூடாது, சாந்தி. அடுத்த இரத்தப்போக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் எவ்வளவு விரைவில் மருத்துவமனையை அடைகிறோம் என்பதுதான் முக்கியம். வேண்டுதலைக் குழந்தையோடு போய் நிறைவேற்றிக்கொள்ளலாம். 32ஆவது வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுப்பார்கள். அதன்பின் வீட்டுக்கு அனுப்பினாலும் அவள் சிரியத்துக்குப் போகாமல் தாம்வேயில் என் வீட்டில் தங்கட்டும்.

சாந்தி: புகுந்த வீடு இருக்கும்போது தோழி வீட்டில் தங்கினால் அத்தை என்ன நினைப்பார்? முதல் பிரசவத்தில் நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று இதே குழுவில் எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

பார்வதி பெரியம்மா: நான்தான் எழுதினேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

தனபால்: பெரியம்மா, போதும்.

பார்வதி பெரியம்மா: சரி. வளைகாப்பை மருத்துவமனையிலேயே ஐந்து பேரோடு முடித்துவிடலாம். புளிச்சாதமும் தேங்காய்ச் சாதமும் நான் செய்து தருகிறேன். வளையல் யார் வாங்குவது?

ஜெயந்தி: அவளுடைய வலது கையில் ஊசிக்குழாய் செருகிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். அடுக்கினால் இடது கையில் மட்டும்தான் அடுக்கலாம். அதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும், குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்தைத் தாயின் உடல் எதிர்க்காமல் தடுக்க, இரத்தப்போக்குக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஆன்டி-டி ஊசியும் போட்டாயிற்று. குழந்தை பாசிட்டிவ் இரத்த வகையோடு பிறந்தால் இன்னொரு ஆன்டி-டி தேவை. அதை முன்கூட்டியே வாங்கி 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவிடக்கூடாது. நம் வீடுகளில் மின்சாரம் இருக்கும் இலட்சணத்துக்கு ஐஸ்பெட்டியை நம்ப முடியாது.

தனபால்: ஜெனரேட்டர் உள்ள மருந்துக் கடை ஒன்று எனக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன்.

ஜெயந்தி: நன்றி, அண்ணா. முருகேசன் அண்ணா, ராஜேந்திரன் அண்ணா, நாளைக் காலை வருவது யார்? வருபவர் வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

ராஜேந்திரன்: இளையவன் முதலில் கொடுக்கட்டும் என்று யாராவது அவனிடம் சொல்லுங்கள்.

முருகேசன்: படித்துவிட்டேன். எட்டு மணிக்கு வருகிறேன்.

சாந்தி: வெள்ளிக்கிழமையைப் பற்றி அத்தையிடம் என்ன சொல்வது? ஐந்து பேர் என்றால் அந்த ஐந்து பேர் யார்?