'செட்' என்னும் சொல்லுக்கு ஒரு தலைச்சொல்லா, இரண்டா?

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக நான் தொகுத்துவரும் ஆங்கில–தமிழ்க் கையகராதி, 'செட்' என்னும் சிறு சொல்லில் மூன்று வாரங்களாக நின்றுவிட்டது. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு இதன் வினைவடிவத்துக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகிறது. எனக்கு இருப்பதோ அரைப்பக்கம். இம்மாத இறுதிக்குள் பிரதி அச்சகத்துக்குச் செல்ல வேண்டும்.

முதலில் 'வை' என்பதை மையப்பொருளாகக் கொண்டு மற்றவற்றை அதிலிருந்து கிளைக்கவிட்டேன். அலாரம் வைப்பதற்கு அது பொருந்தியது. ஆனால் கதிரவன் மறைவதும், சிமெண்ட் இறுகுவதும், தயிர் உறைவதும், மோதிரத்தில் கல் பதிப்பதும், ஆசிரியர் வினாத்தாள் தயாரிப்பதும் ஆங்கிலத்தில் இதே சொல்லாக இருப்பதால், 'வை' எனத் தொடங்கும் மாணவர் பாதி வழியிலேயே தொலைந்துபோவார். (தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.)

அடுத்து வினை, பெயர், பெயரடை எனப் பிரித்தேன். கணிதத்தின் கணம், டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி, திரைப்படப் படப்பிடிப்புக்கான அரங்கம் ஆகியவை ஒரே பெயர்ப்பகுதியில் நெருக்கியடித்தன. சொற்பிறப்பைப் பார்த்தால், வினை 'உட்காரச் செய்' என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. குழு, தொகுதி என்னும் பொருளுடைய பெயரோ லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து, பிற்காலத்தில் அவ்வினையோடு கலந்துவிட்டது.

அகராதிப் பணியில் பழக்கமுள்ளவர்களிடம் என் கேள்வி இதுதான்: பள்ளி மாணவருக்கான அகராதியில் இவ்விரண்டையும் பிறப்பின்படி தனித்தனித் தலைச்சொற்களாக (அகராதிப் பதிவைத் தொடங்கும் சொற்களாக) தருவதா, ஒரே தலைச்சொல்லின்கீழ் தருவதா?