தையல்முத்து என்ற பெயருக்கு விளக்கம் வேணும்

வணக்கம் உறவுகளே. பேத்தி பிறந்து 20 நாள். 31ஆம் நாளுக்கு முன் பெயர் முடிவாக வேணும். பழைய காணி உறுதி ஒன்றில், மங்கிய கைநாட்டுக்குப் பக்கத்தில் என் பூட்டியின் பெயரைப் பார்த்தேன்: தையல்முத்து. மனம் அதிலேயே நிற்கிறது.

மகளோ, "தைக்கிற தையலோ அம்மா?" என்கிறாள். இல்லை, பழந்தமிழில் தையல் என்றால் பெண், அழகு. எங்கள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயில் அம்மனும் தையல்நாயகிதான். தமிழகத்துப் புள்ளிருக்குவேளூரிலும் (இன்றைய வைத்தீஸ்வரன்கோயில் ஊர்) அம்மனுக்கு அதே பெயர். அங்கே முருகன் முத்துக்குமாரசுவாமி. இந்த 'முத்து' அவரிடமிருந்து வந்ததோ, செல்லமாக ஒட்டியதோ?

உங்கள் ஆச்சிமாரில் யாருக்காவது இந்தப் பெயர் இருந்ததா? வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.