வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ்: வாங்கும் முன் நாங்கள் சோதித்துப் பார்த்தவை

எங்கள் வீட்டுக் கணினி எல்லாருக்கும் பொது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். அப்பா பேங்க் வேலை பார்ப்பதும், தங்கை ப்ராஜெக்ட் எழுதுவதும், நான் தமிழில் டைப் செய்து கொடுப்பதும் அதில்தான். ஆன்டிவைரஸ் சந்தா முடியப் போகிறது என்று தினமும் அறிவிப்பு வர ஆரம்பித்ததும், அதையே புதுப்பிப்பதா, வேறு வாங்குவதா, ஒன்றுமே வாங்காமல் விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதுமா என்று உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஆய்வக முடிவுகள். ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் என்று இரண்டு சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. இரண்டின் முடிவுகளையும் இலவசமாகவே படிக்கலாம். ஏவி-டெஸ்டில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளி, ஆக மொத்தம் 18. பலரும் பாதுகாப்புப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு எடுக்கிறார்கள். அதில் பெரிய கம்பெனிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. டிஃபெண்டரே பல முறை முழு 18 வாங்கியிருக்கிறது. என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் தெரிவது மற்ற இரண்டில்தான். பயன்பாடு என்ற தலைப்பில் அவர்கள் அளப்பது, ஒரு குற்றமும் இல்லாத கோப்பை வைரஸ் என்று எத்தனை முறை பிடிக்கிறது என்பதை. அது எவ்வளவு முக்கியம் என்பது எங்கள் வீட்டிலேயே தெரிந்தது.

சோதனைக்காலப் பதிப்பாகப் போட்ட ஒரு ஆன்டிவைரஸ், நான் வருடக்கணக்கில் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தூக்கிக் குவாரன்டைனில், அதாவது ஓட விடாமல் பூட்டி வைக்கும் இடத்தில், போட்டுவிட்டது. காரணம் புரிகிறது. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் இடையில் பிடித்துத் தமிழாக மாற்றுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் எழுத்துகளை அதே இடத்தில்தான் பிடிக்கும். சந்தேகப்படுவது தப்பில்லை. ஆனால் கேட்காமல் தூக்கியதும், திரும்ப எடுக்கும் வழியை எங்கோ ஆழத்தில் ஒளித்து வைத்திருந்ததும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் வேலை செய்பவர்கள் பணம் கட்டும் முன் இதை அவசியம் பார்த்துவிடுங்கள். உங்கள் தட்டச்சு மென்பொருளைப் போடுங்கள், ஒரு பக்கம் டைப் செய்யுங்கள், முழு ஸ்கேன் ஓட விடுங்கள். பிடித்தால் அந்தக் கோப்பை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றிப் பாருங்கள். அங்கே பல நிறுவனங்களின் எஞ்சின்கள் ஒன்றாகப் பரிசோதிக்கும். ஒன்றிரண்டு மட்டும் கத்தி மற்றவை சும்மா இருந்தால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கைதான். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம், மற்றவர்கள் கைக்கும் போகும்.

அடுத்தது வேகம். ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் முழு ஸ்கேன் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் வரிசையைப் பாருங்கள். 100 சதவீதத்திலேயே நின்றால் அந்த நேரத்தில் வேறு வேலை நடக்காது. கணினி சும்மா இருக்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது முந்தையதைச் சுத்தமாக நீக்கிவிடுவதும் அவசியம். அதற்கென்றே நிறுவனங்கள் தனி நீக்கும் கருவி தருகின்றன. இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் காவல் காத்தால் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கணினி திணறும்.

காவல் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க ஐகார் என்ற சோதனைக் கோப்பு உண்டு. வெறும் 68 எழுத்து, எந்தக் கெடுதலும் செய்யாது, பெரும்பாலான நிறுவனங்கள் அதை வைரஸ் போலப் பிடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதைப் பிடித்ததை வைத்து நல்ல ஆன்டிவைரஸ் என்று சொல்ல முடியாது. ஆன் ஆகி இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

*

எங்களுக்குத் தலைவலி ஜெராக்ஸ் கடை பென் டிரைவ்தான். பையனின் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது உள்ளே எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகியிருந்தது. இந்த வகை வைரஸ் நம் ஃபோல்டர்களை அழிப்பதில்லை. மறைத்து வைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், வைரஸும் ஓடும்.

வீட்டில் இருந்த ஆன்டிவைரஸ் செருகியவுடன் பிடித்துவிட்டது, சந்தோஷம். ஆனால் ஷார்ட்கட்களை மட்டும் அழித்துவிட்டு, மறைந்த ஃபோல்டர்களை அப்படியே விட்டுவிட்டது. பென் டிரைவ் காலி என்று நினைத்துப் பையன் ஃபார்மேட் செய்யப் போனான். நல்லவேளை, அதற்குள் எக்ஸ்புளோரர் அமைப்பில் மறைந்த கோப்புகளையும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொன்னோம், எல்லாம் இருந்தது. அதற்கப்புறம் எந்த ஆன்டிவைரஸைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: பிடித்த பிறகு நம் கோப்பை நமக்குத் திருப்பிக் கொடுக்கிறதா?

*

இலவசப் பதிப்பு போடுகிறவர்கள் தனியுரிமை விதிகளையும் படியுங்கள். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வந்ததும் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. நம்மைக் காக்க வந்த மென்பொருளே நம் தகவலை விற்றதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பணம் கட்டி வாங்குவதானால் முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் வருட விலையைக் கேளுங்கள். கார்டு கொடுத்து வாங்கினால் தானாகப் புதுப்பித்தலை அன்றைக்கே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. எது வாங்கினாலும் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் பயன் குறைவு. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகையைச் சேர்ந்த வான்னாக்ரை 2017 மே 12 அன்று பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதில் இருப்பவர்கள் ஆன்டிவைரஸுக்கு முன் அதைக் கவனியுங்கள்.

எங்கள் கணினியில் இப்போது டிஃபெண்டர் மட்டும்தான். ஆனால் அப்படியே விடவில்லை. ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியில், முக்கிய ஃபோல்டர்களைத் தெரியாத மென்பொருள் தொடவிடாமல் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. அது தானாக ஆன் ஆகியிருக்காது, நாம்தான் போட வேண்டும். போட்டதும் என் ஃபோட்டோ மென்பொருளையே தடுத்தது. அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன், இப்போது தொந்தரவில்லை. ஃபோட்டோக்களின் இன்னொரு பிரதி தனி ஹார்டு டிஸ்கில் இருக்கிறது, நகல் எடுக்கும் நேரம் தவிர அதைச் செருகி வைப்பதில்லை.