குளிருக்குக் காரைத் தயார்படுத்துறது: ஒக்ரோபருக்குள்ள எதை முதல் செய்ய வேணும்?

மூலைவீட்டார்

வணக்கம். ஸ்காபரோவில இருக்கிறம். 2017 சிவிக், 2.0 எஞ்சின். கராஜ் இல்லை, இரவுபகல் வெளியிலதான் நிக்கும். இப்ப இருக்கிறது 215/55 ஆர்16 ஓல் சீசன் ரயர். பற்றறி எப்ப மாத்தினதெண்டு தெரியாது, பழைய சொந்தக்காரரிட்டயும் பில் இல்லை. ஸ்நோ விழ முதல் எதை எதைச் செய்ய வேணும்? எது நானே செய்யலாம், எதுக்குக் கராஜுக்குப் போக வேணும்? நத்தாருக்கு மொன்றியல் போற யோசனையும் இருக்கு. அங்க வின்ரர் ரயர் இல்லாட்டித் தண்டம் எழுதுவினம் எண்டு சொல்லினம், உண்மையோ?

சில்லுக்காரன்

முதல் ரயர். ஸ்நோவைப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ, வெப்பநிலையைப் பாருங்கோ. காலமை வெளிக்கிடுற நேரம் தொடர்ந்து 7 பாகைக்குக் கீழ நிக்கத் தொடங்கினா மாத்திற காலம் வந்திட்டுது. அதுக்குக் கீழ ஓல் சீசன் ரப்பர் இறுகும், காய்ஞ்ச ரோட்டிலயே பிறேக் பிடிக்கிற தூரம் கூடும். முதல் ஸ்நோ விழுந்த அண்டைக்குக் கராஜுக்குப் போன் எடுத்தா கிழமைக்கணக்கில தள்ளித்தான் நேரம் தருவினம். ஆனபடியால் இப்பவே பதிஞ்சு வையுங்கோ.

ரயரின்ர பக்கச்சுவரில மூண்டு முகடுள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் இருக்கோ எண்டு பாருங்கோ, அதுதான் ஸ்நோவுக்குச் சோதிச்ச ரயரின்ர குறி. வெறும் எம்+எஸ் (சேறும் ஸ்நோவும் எண்ட குறி) காணாது, அது அநேகமான ஓல் சீசன் ரயரிலயும் இருக்கும். பழசு வாங்கிறதெண்டா டிஓரி எண்ட எழுத்துக்குப் பின்னால வாற கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கோ: 3823 எண்டா 2023ஆம் ஆண்டு 38ஆம் கிழமை செய்தது. தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருந்தா சும்மா தந்தாலும் வேண்டாம். காசு மிச்சமெண்டு முன்னுக்கு ரெண்டு மட்டும் போடுறதும் வேண்டாம். முன்சில்லு நிலத்தைப் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும், வளைவில பிறேக் அடிக்கக் கார் சுத்திப் போகும்.

காத்து: 5 பாகை குறைய ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அலகு) இறங்கும். 20 பாகைச் சூட்டில கராஜுக்குள்ள 32 அடிச்சா, வெளியில மைனஸ் 10இல 26, 27தான் நிக்கும். ஓட்டுநர் கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவை, கார் ஓடாமல் வெளியில ஆறி நிக்கிற நேரத்தில அடியுங்கோ. இந்தச் சிவிக்கில சில்லுக்குள்ள காத்தழுத்த சென்சர் இல்லை, சில்லு சுத்துற வேகத்தை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கும். அதால வின்ரர் சில்லுக்குத் தனிச் சென்சர் வாங்கச் சொன்னா வாங்காதேங்கோ. சில்லு மாத்தின பிறகு திரையில இருக்கிற அளவுத்திருத்தத்தை ஒருக்கா ஓட விட்டாக் காணும்.

வடகாத்து

ரயருக்குச் சமனா பற்றறியையும் சொல்லுவன். கோடைச் சூட்டில தகடுகள் அரிச்சு பற்றறி பலவீனமாகும், அது வெளியில தெரியிறது குளிருக்குத்தான். மைனஸ் 18இல எஞ்சினைச் சுத்துற பலம் கிட்டத்தட்டப் பாதியாப் போகும், அதே நேரம் எண்ணெய் தடிச்சு எஞ்சின் கூடுதல் பலம் கேக்கும்.

ஒரு மல்ரிமீற்றர் இருந்தா நீங்களே பார்க்கலாம். இரவு முழுக்க நிண்ட காரில 12.6 வோல்ற் இருக்க வேணும். 12.4 எண்டா முக்கால்வாசி, சார்ஜ் போடுங்கோ. 12.2 எண்டா அரைவாசி. ஸ்ராட் பண்ணுற நேரம் 9.6க்குக் கீழ விழுந்தா மாத்துங்கோ. ஒண்டு கவனம்: ஹொண்டாவில எஞ்சின் ஓடேக்க 12.5 அளவில காட்டும், உடன ஒல்ரனேற்றர் (பற்றறியைச் சார்ஜ் பண்ணுற கருவி) பழுது எண்டு நினைக்கக் கூடாது. மின்பாவனை குறைவா இருந்தா அது சார்ஜைத் தானே குறைக்கும். ஹெட்லைற்றையும் பின்கண்ணாடிச் சூட்டையும் போட்டுப் பாருங்கோ, 14க்கு ஏறினா நல்லம். கிட்டக்கிட்ட ஓட்டம் மட்டும் ஓடுற ஹொண்டாவில பற்றறி ஒருநாளும் நிரம்பாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சார்ஜ் இறங்கின பற்றறி மைனஸ் 10 அளவிலயே உறையும். பக்கம் வீங்கியிருந்தா ஜம்ப் (வேற காரின்ர பற்றறியால ஸ்ராட்) குடுக்கவே கூடாது, வெடிக்கும்.

கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்): ஹொண்டாவின்ர நீல ரைப் 2 ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்தது, மைனஸ் 37 வரை தாங்கும். அதுக்குள்ள தண்ணி விடாதேங்கோ. தண்ணி கலக்காத தனிக் கிளைக்கோல் கூடத் தாங்கும் எண்டு சிலர் நினைக்கினம். அது மைனஸ் 13க்குக் கிட்டவே உறையும், கலவைதான் பலம். எஞ்சின் எண்ணெய் 0டபிள்யூ-20 (குளிரிலயும் இலகுவா ஓடுற மெல்லிசு வகை), அதையே வைச்சிருங்கோ.

மொன்றியல்_மாமா

தண்டக் கதைக்கு: கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம்தான், ஆனால் அது கியூபெக்கில பதிஞ்ச வாகனத்துக்கு. ஒன்ராறியோ நம்பரோட வாற உங்களைப் பிடிக்கமாட்டினம். அதுக்காக ஓல் சீசனில வராதேங்கோ, 401 நெடுஞ்சாலை கோண்வால் நகரைத் தாண்டி 20ஆம் இலக்க வீதியா மாறுற பக்கம் நத்தார்க் காலத்தில மழையும் உறைபனியும் மாறிமாறி வரும்.

ஒன்ராறியோவில கட்டாயமில்லை, ஆனால் 2016 தொடக்கம் இன்சூரன்ஸ் கொம்பனிகள் வின்ரர் ரயருக்குக் கழிவு குடுக்க வேணும். கேட்டாத்தான் தருவினம். ரயர் பில்லை எறியாதேங்கோ.

கண்ணாடி கழுவுற தண்ணி: கோடையில விட்ட நீலத் தண்ணி தாங்கிக்குள்ள கிடந்தா அது பைப்புக்குள்ள உறைஞ்சு பம்பை உடைக்கும். முழுக்க அடிச்சு முடிச்சிட்டு, மைனஸ் 35 அல்லது 40 எண்டு போட்டதை விட்டு, மெதனோல் மணம் வரும்வரை திரும்பவும் அடியுங்கோ. மேல மட்டும் நிரப்பினா பைப்புக்குள்ள பழசுதான் நிக்கும்.

மூலைவீட்டார்

நல்ல விளக்கம், நன்றி. இரும்பு ரிம்மோட வின்ரர் ரயர் ஒருத்தர் விக்கிறார், 5x114.3 (அஞ்சு நட்டு, நட்டுத்துளை வட்டம் 114.3 மில்லிமீற்றர்) எண்டு சொல்லுறார். இப்ப இருக்கிற நட்டையே பாவிக்கலாமோ?

சில்லுக்காரன்

அங்கதான் கனபேர் பிழைவிடுறது. ஹொண்டாவின்ர சொந்த நட்டுக்கு அடி உருண்டை. வெளிக்கொம்பனி ரிம் அநேகமாக் கூம்பு வடிவத் துளை. உருண்டை நட்டைக் கூம்புக்குள்ள இறுக்கினா ஒரு கோட்டில மட்டும் தொடும், ஓட ஓடத் தளரும். ஹொண்டா ரிம் எண்டா பழைய நட்டு, வேற எண்டா எம்12x1.5 (12 மில்லிமீற்றர் புரி, 1.5 மில்லிமீற்றர் புரியிடை) கூம்பு நட்டு இருபது வாங்குங்கோ. நடுத்துளை 64.1 மில்லிமீற்றர், பெரிசா இருந்தா வளையம் போட வேணும், இல்லாட்டி ஸ்ரியறிங் ஆடும்.

பூட்ட முதல் ஹப் (சில்லு பொருந்துற நடுப்பாகம்) முகத்தில இருக்கிற துருவைக் கம்பி பிறஷால தேயுங்கோ. நட்டுப் புரியில கிறீஸ் பூசாதேங்கோ, ரோர்க் (இறுக்கிற விசை) அளவு பொய்யாப் போகும். எதிரெதிர் மாத்தி மாத்தி 80 இறாத்தல்-அடிக்கு இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்ப ஒருக்கா.

மேப்பிள்_இலை

ஒருத்தரும் இலையைச் சொல்லேல்லை. வைப்பருக்குக் கீழ இருக்கிற கறுப்புத் தட்டுக்குள்ள இலை சேர்ந்தா வடிகால் அடைபடும், தண்ணி கால்மிதிப் பக்கம் இறங்கும், பிறகு குளிர் முழுக்கக் கண்ணாடி உள்ளுக்கால புகைபிடிக்கும். கிழமைக்கு ஒருக்காக் கையால அள்ளுங்கோ. கிளவ் பெட்டிக்குப் பின்னால இருக்கிற கபின் பில்ரரையும் மாத்துங்கோ, ஒரு ஆயுதமும் தேவையில்லை. கதவு ரப்பருக்குச் சிலிக்கோனைத் துணியில அடிச்சுப் பூசுங்கோ, உறைமழைக்குப் பிறகு கதவு திறக்கும். சாவிக்குள்ள இருக்கிற குட்டிப் பற்றறியும் குளிருக்குப் படுக்கும்.

துருவுக்கு எண்ணெய் அடிக்கிறதெண்டா ரோட்டில உப்புப் போட முதல், அடிப்பக்கம் கழுவிக் காய்ஞ்ச நாளில அடியுங்கோ. ஈரத்துக்கு மேல அடிச்சாப் பிரயோசனமில்லை. பிறேக் தட்டில படாமல் மூடச் சொல்லுங்கோ. ஒண்டு ரெண்டு நாள் சொட்டும், டிறைவ்வேயில காட்போட் மட்டை போட்டு நிப்பாட்டுங்கோ.