கேலக்டிகாவா, பெகாசஸா: கிழட்டுக் கப்பல் புதுக்கப்பலை மிஞ்சியது எதனால்?

பாம்பன் வாடை:

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகள் நின்றால், ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் எங்களுக்கு இருக்கிற வேலை வலை பொத்துவதும் பழைய தொடர்களைப் பார்ப்பதும்தான். இந்த முறை ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வை முதலிலிருந்து மறுபடியும் பார்த்தேன், 2003-இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009-இல் முடிந்ததைச் சொல்கிறேன், 1978-இல் வந்ததை அல்ல.

பார்க்காதவர்களுக்காகக் கதை இதுதான். மனிதர்கள் படைத்த சைலான் என்னும் இயந்திர இனம், போரிட்டு ஓய்ந்து நாற்பது ஆண்டு கழித்து, ஒரே நாளில் திரும்பி வந்து பன்னிரண்டு உலகங்களையும் சுடுகாடாக்குகிறது. புதிய விண்வெளிப் போர்க்கப்பல்கள் யாவும் ஒரே வழிசெலுத்தல் நிரலை ஏற்றிக்கொண்டு, கணினி வலையால் பிணைந்திருந்தன. அந்த நிரலுக்குள் சைலான்கள் முன்பே கள்ளக் கதவு வைத்திருந்ததால், அவை திருப்பித் தாக்கவும் வழியின்றி விளக்கணைந்து நின்று அழிந்தன. ஐம்பது ஆண்டுப் பழசான கேலக்டிகாவுக்கோ அன்றுதான் பணி ஓய்வு விழா. அதன் ஒரு பக்கத் தளத்தை அருங்காட்சியகமாக மாற்றிப் பரிசுப்பொருள் கடையும் வைத்துவிட்டார்கள். அந்தக் கப்பல் பிழைத்தது, ஐம்பதாயிரம் பேரைக் காத்தது.

தலைவர் அடாமா தம் கப்பலில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க விடமாட்டார். கல்வி அமைச்சரே வந்து கேட்டும் மறுத்தார். உள்ளே பேசிக்கொள்வதற்குச் சுருள் கம்பி வைத்த தொலைபேசிதான். ஆகவே என் கட்சி இது: பின்னால் வந்த எந்தப் போர்க்கப்பலையும் விடக் கேலக்டிகாதான் மேலான கப்பல். மறுப்பவர்கள் வரலாம்.

கீழக்கரை மாலுமி:

சரக்குக் கப்பல்களில் மின் அலுவலராகப் பல ஆண்டு கழித்தவன் என்ற உரிமையில் மறுக்கிறேன், தம்பி. பிழைத்திருப்பதும் மேலாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. 1964 புயலில் தனுஷ்கோடியில் நின்றுவிட்ட சுவர்களையெல்லாம் நல்ல கட்டடம் என்று நாம் சொல்வதில்லை.

கேலக்டிகா அன்று என்ன நிலையில் இருந்தது என்று நீங்களே குறுந்தொடரை ஓட்டிப் பாருங்கள். ஓய்வு பெறும் கப்பல் என்பதால் வெடிமருந்து இல்லை. ராக்னார் என்னும் கிடங்கு நிலையத்துக்கு ஓடிப் போய் ஏற்ற வேண்டியிருந்தது. ஓர் அணுகுண்டு பக்கவாட்டில் பட்டதும் உள்ளே தீ பிடித்து, அதை அணைக்க அறைகளை அடைத்துக் காற்றை வெளியே விட்டபோது 85 பேர் இறந்தார்கள். அதிலிருந்து புறப்பட்ட புதிய ரக வைப்பர் விமானங்கள், அதே நிரலைச் சுமந்திருந்ததால், கண்ணெதிரே செயலிழந்து அழிந்தன. பழைய கப்பலுக்குள்ளேயும் புதுச் சரக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பெகாசஸ் என்ற கப்பல் கேலக்டிகாவை விடப் பல ஆண்டு புதியது, பெரியது, புதிய வைப்பர்களைத் தானே செய்துகொள்ளும் பட்டறை உள்ளது. அதுவும் பிழைத்தது. புதுசெல்லாம் செத்தது என்ற உங்கள் கணக்கு அங்கேயே உடைகிறது.

பாம்பன் வாடை:

காக்கா, பெகாசஸை நீங்களே கொண்டுவந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. அது ஏன் பிழைத்தது? தாக்குதல் நாளில் கப்பல் கட்டும் துறையில் பழுதுபார்ப்புக்காகக் கட்டிக் கிடந்தது, வேலை நடந்துகொண்டிருந்ததால் அதன் கணினி வலை அணைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் அட்மிரல் கெயின், எங்கே போகிறோம் என்று பார்க்காமலே கப்பலைத் தாவவிட்டு (நின்ற இடத்தில் மறைந்து நொடியில் வெகுதூரத்தில் தோன்றுவதுதான் தாவல்) தப்பினார். அதாவது, புதிய கப்பல் பிழைக்க வேண்டுமானால் அது தற்செயலாகப் பழைய கப்பலாக மாறியிருக்க வேண்டும். என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பழைய வைப்பர்களையும் சொல்லுங்கள். புதியவை விழுந்த பிறகு, அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நிறுத்தியிருந்த இரண்டாம் ரக வைப்பர்களைத் தள்ளிக்கொண்டு போய் மறுபக்கத் தளத்திலிருந்து ஏவினார்கள். அவைதான் போரிட்டன.

தேவிபட்டினம் டீச்சர்:

கணினி அறிவியல் நடத்துகிறவள் என்பதால் இடையில் வருகிறேன். பெகாசஸ் பிழைத்ததைப் போன்ற ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் உலகம் முழுவதும் பரவியபோது, மெர்ஸ்க் என்ற பெரும் கப்பல் நிறுவனத்தின் கணினி வலை மொத்தமாக முடங்கியது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் முதன்மைக் கணினிகள் ஒன்றையொன்று பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும்படி அமைந்திருந்ததால், எல்லாம் ஒன்றாகவே அழிந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கானா நாட்டு அலுவலகத்தில் தப்பியிருந்தது, காரணம் தாக்குதலின்போது அங்கே மின்சாரம் இல்லை. அந்த ஒரு கணினியின் வன்தட்டிலிருந்துதான் மீண்டும் எல்லாவற்றையும் எழுப்பினார்கள். மின்வெட்டை நான் வாழ்நாளில் ஒரு முறை பாராட்டியிருக்கிறேன் என்றால் அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

ஆனால் இதிலிருந்து கானா கணினி மற்றவற்றை விடச் சிறந்தது என்ற முடிவுக்கு வர முடியாது. அது அப்போது துண்டிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வாடை அவர்கள் பழமை என்று சொல்வதெல்லாம் உண்மையில் துண்டிப்பு. வயதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கீழக்கரை மாலுமி:

டீச்சர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பெகாசஸில் அந்த வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் அது கேலக்டிகாவை எல்லா வகையிலும் தாண்டிவிடும். நியூ கப்ரிகா என்னும் கோளில் மக்களை மீட்டபோது நடந்தது இதற்கு அத்தாட்சி. கேலக்டிகா வளிமண்டலத்துக்குள்ளேயே தாவி இறங்கி, கல்லைப் போல விழுந்துகொண்டே வைப்பர்களை ஏவிவிட்டு மறுபடி தாவியது அழகுதான், நானும் எழுந்து நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு சைலான் தாய்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டு அதை நொறுக்கியபோது, காப்பாற்ற வந்தது எது? அடாமாவின் மகன் தலைமையிலிருந்த பெகாசஸ். அது குறுக்கே புகுந்து அடியை வாங்கி, கடைசியில் ஆளில்லாமல் ஒரு தாய்க்கப்பலின் மீது மோதி அழிந்ததால்தான் தகப்பனின் கப்பல் வீடு திரும்பியது.

கம்பியை அறுப்பதால் பகைவன் வராமல் போய்விடுவதும் இல்லை. கேலக்டிகாவின் தண்ணீர்த் தொட்டிகளைக் குண்டு வைத்துத் தகர்த்தது யார், அடாமாவின் மார்பில் சுட்டது யார்? அதே கப்பலின் விமானி பூமர். மனித உருவில் இருந்த சைலான். சுருள் கம்பித் தொலைபேசி அவளைத் தடுக்கவில்லை.

பாம்பன் வாடை:

பூமர் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஆள் உள்ளே வந்தால் ஓர் ஆளின் அளவுக்குத்தான் கெடுதல் செய்ய முடியும். வலை வழியே வந்தால் அன்று ஒரு படையே போயிற்றே.

துண்டித்தால் போதும் என்று இருவரும் எளிதாகச் சொல்கிறீர்கள். துண்டித்த பிறகு அந்தக் கப்பலை ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டாமா? என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், வடகடலில் இரவு மழையில் அப்பாவோடு இருந்தபோது எங்கள் ஜிபிஎஸ் கருவிக்குள் தண்ணீர் புகுந்து திரை வெளுத்துவிட்டது. ராமேஸ்வரத்துத் தொலைக்காட்சிக் கோபுரம் 323 மீட்டர் உயரம், தெளிந்த இரவில் அதன் சிவப்பு விளக்கு வெகுதூரம் தெரியும்; அன்று மழை மறைத்துவிட்டது. நான் கருவியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை பாகம் என்று கையால் அளந்து, குண்டில் ஒட்டி வந்த சேற்றைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு அலை படகின் எந்தப் பக்கம் மோதுகிறது என்று கொஞ்ச நேரம் அசையாமல் நின்று கேட்டார். “தெற்கே பிடி” என்றார். விடியும்போது கோபுரம் நேர் எதிரே நின்றது. அந்தப் படகில் இருந்த குண்டும் கயிறும் எல்லாப் படகிலும் கிடக்கிறவைதான். எனக்கும் அவற்றை இறக்கத் தெரியும், சேற்றைப் படிக்கத்தான் தெரியாது.

பெகாசஸின் வலையைப் பிடுங்கினால் அது என்னைப் போன்ற மாலுமிகள் நிறைந்த கப்பல். கேலக்டிகாவிலோ காகிதத்தில் கணக்குப் போட்டுத் தாவும் பழக்கம் ஆட்களின் கையில் இருந்தது.

கீழக்கரை மாலுமி:

உங்கள் தகப்பனாருக்கு என் வணக்கம். ஆனால் ஒரு கேள்வி: 1974-இல் வரைந்த கடல் எல்லைக்கோடு அந்தச் சேற்றில் ஒட்டியிருந்ததா? கரை எந்தப் பக்கம் என்று சேறு சொல்லும். எல்லையைத் தாண்டிவிட்டோமா என்று சொல்லாது. தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவான் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய அறிவு பழைய கடலுக்குப் போதுமானதாக இருந்தது, கடல் மாறிவிட்டது.

கேலக்டிகாவிலேயே இது நடந்தது. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் மற்றக் கப்பல்களை விண்வெளியில் தவறவிட்டபோது, கையால் கணக்கிட்டால் பல மணி நேரம் ஆகும் என்பதால், கெய்ட்டா என்ற அதிகாரி கணினிகளை இணைத்துத்தான் அவை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

பாம்பன் வாடை:

கண்டுபிடித்தார், அந்தச் சிறு இடைவெளியில் சைலான் தீநிரல் உள்ளே வந்து பதுங்கி, பின்னால் கப்பலையே கொல்லப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இப்போது படகில் இரண்டு கருவி வைத்திருக்கிறோம்.

தேவிபட்டினம் டீச்சர்:

இருவரும் கப்பலின் மூளையைப் பற்றியே பேசுகிறீர்கள், எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்காம் பருவத்தில் கேலக்டிகாவின் பழுதுபார்ப்புத் தலைவர் டைரல் கப்பலின் சுவர்களைப் பிரித்துப் பார்க்கும்போது, தாங்கு சட்டங்களிலேயே மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. சில, கட்டியவர்கள் அன்றைக்கே மிச்சம் பிடித்ததன் விளைவு. பெருமையாகப் பேசிய ஐம்பது ஆண்டும் அந்த விரிசலின் மீதுதான் நின்றது. அதை அடைக்கச் சைலான் தொழில்நுட்பத்தில் செய்த உயிர்ப்பிசினைப் பூச வேண்டியிருந்தது. அடாமா முதலில் மறுத்து, பிறகு வேறு வழியின்றி இணங்கினார்.

உங்கள் ஊர்ப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், வாடை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியை ஆட்கள் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றித்தான் திறந்தார்கள். கேலக்டிகாவுக்கு ஏற்ற உவமை என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள். ஆனால் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தச் சொன்னது எது? பாலத்தில் பொருத்தியிருந்த உணர்கருவிகள் கொடுத்த எச்சரிக்கை. நூறாண்டு அனுபவம் உள்ள கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றை அவை கண்டன. கேலக்டிகாவில் அப்படி ஒன்று இருந்திருந்தால், அடாமா தம் கப்பல் உடைந்துகொண்டிருப்பதைப் பல ஆண்டு முன்னரே அறிந்திருப்பார்.

மண்டபம் தச்சன் மகன்:

வல்லம் கட்டுகிற குடும்பம் எங்களுடையது, ஆகவே எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. மரப் படகில் பலகை இடைவெளியில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசிக் கலப்பத்து அடிக்கிறோம். ஆண்டுதோறும் கரையேற்றி, உளியால் சுரண்டி, மறுபடி அடிக்க வேண்டும். ஃபைபர் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் எல்லோரும் அதற்கு மாறினார்கள், அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் ஆண்டுதோறும் சுரண்டுகிறவன் உளுத்த பலகையை முதலிலேயே பார்த்துவிடுவான். கேலக்டிகா போர் தொடங்கியபின் ஒரு நாளும் கரையேறவில்லை. விரிசல் வந்ததற்கு அந்தக் கப்பலின் வயதை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகப் படவில்லை.

பாம்பன் வாடை:

டீச்சர் பாலத்தை எடுத்ததால் என் வாய் பாதி அடைபட்டது. அந்த உணர்கருவிகள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வீட்டிலேயே பேசியிருக்கிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: அவை பாலத்தைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பார்த்துச் சொல்வதோடு நின்றன. அந்த அளவுக்கு ஒரு கருவி கேலக்டிகாவில் இருந்திருந்தால் நானும் வரவேற்பேன். புதிய பாலத்தின் 72.5 மீட்டர்த் தூக்குப் பகுதி மோட்டாரில் நேராக மேலே போவதைப் பார்க்க நான் போய் நின்றவன்தான். அது நன்றாகத்தான் போகிறது.

இருந்தாலும் ஓர் இடத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன். 1964 புயலுக்குப் பிறகு அந்தப் பழைய பாலத்தை 46 நாளில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கேலக்டிகாவையும் கடைசி வரை, உள்ளே இருந்த ஆட்கள் கையில் கிடைத்ததை வைத்தே செப்பனிட்டார்கள். சைலான்களின் கோட்டைக்குள் முட்டிப் புகுந்து, கடைசித் தாவலில் முதுகெலும்பு முறிந்தும் அது ஆட்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. உடைந்தால் உள்ளே இருப்பவனாலேயே சரிசெய்ய முடிகிற கப்பலைத்தான் நான் மேலான கப்பல் என்கிறேன்.

கீழக்கரை மாலுமி:

இப்போதுதான் பேச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் கப்பலுக்கு வயது பத்துகூட ஆகவில்லை, மேல்தளத்தில் எல்லாம் தொடுதிரை. ஆனால் அடியில், சுக்கான் இயந்திர அறையில், மின்சாரமும் மின்கலமும் தேவைப்படாத ஒரு தொலைபேசி சுவரில் தொங்குகிறது. பேசுகிறவனின் குரலதிர்வே அதற்கு மின்சாரம். மேலிருந்து சுக்கானைத் திருப்ப முடியாமல் போனால், அந்தத் தொலைபேசியில் கட்டளை கேட்டுக் கீழே நின்று கையால் திருப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகக் கப்பல் விதி. ஆகவே புதிய கப்பல் தன் வயிற்றுக்குள் ஒரு சின்னக் கேலக்டிகாவைச் சுமக்கிறது, அதற்கு மேல் தொடுதிரையும் வைத்திருக்கிறது என்பதுதான் என் கட்சி. இரண்டும் உள்ளதே மேல்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாலுமி ஒருவனைக் கீழே நிறுத்தியிருந்தோம். அவன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினான். பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால்தான் மறுமுனையில் மணி அடிக்கும் என்று அவன் கையைப் பிடித்துச் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. மேலே கேப்டன் அதுவரை காத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடத்தை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. மற்றதற்கெல்லாம் நான் இன்னும் பெகாசஸ் பக்கம்தான்.